வெனிஸ் நகருக்குள் நுழைய டிக்கெட்: கூட்டம் குறையும், ஊர் மிஞ்சுமா?

ஒரு ஊருக்குள்ள நடக்கவே டிக்கெட்டா? ஆமாம். இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் பகல்நேரச் சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் இது என்கிறது நகராட்சி. ஆனால், வெனிஸின் உண்மையான சிக்கல் கூட்டம் மட்டும்தானா?

யாருக்கு, எவ்வளவு?

காலையில் வந்து மாலையில் கிளம்புபவர்களுக்குத்தான் கட்டணம். முதல் ஆண்டில் கூட்டம் அதிகமுள்ள 29 நாட்களுக்கு மட்டும், தலைக்கு 5 யூரோ. 2025-ல் அது 54 நாட்களானது. கடைசி நேரத்தில் புக் செய்தால் 10 யூரோ. காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைதான் இந்த விதி. உள்ளூர்க்காரர்கள், 14 வயதுக்கு உட்பட்டவர்கள், நகரத்தில் இரவு தங்குபவர்கள் ஆகியோருக்கு விலக்கு. கடைசியாகச் சொன்ன விலக்கை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நகராட்சி சொல்வது என்ன?

இரவு தங்குபவர்கள் ஏற்கெனவே தங்கும் வரி கட்டுகிறார்கள். பகலில் வந்து போகிறவர்களும் குப்பை அள்ளுவது, நகரப் பராமரிப்பு போன்ற செலவில் பங்கு தரட்டும் என்பது வாதம். நியாயம்தான். முன்பதிவு இருப்பதால், எந்த நாளில் எவ்வளவு பேர் வருவார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

அப்போ என்ன பிரச்சினை?

1951-ல் வெனிஸின் பழைய நகரப் பகுதியில் சுமார் 1.75 லட்சம் பேர் வசித்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை, 2008 முதல் இந்த எண்ணிக்கையை ஜன்னலில் டிஜிட்டல் பலகையாகவே வைத்திருக்கிறது.

வேலைவாய்ப்பு, வெள்ளம், விலைவாசி என ஜனங்கள் வெளியேறப் பல காரணங்கள். அதில் முக்கியமானது வீடு. குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். பகல் பயணி சாயங்காலம் ரயில் ஏறிவிடுவார். வீட்டை எடுத்துக்கொள்வது இரவு தங்கும் சுற்றுலா. அவருக்குத்தான் டிக்கெட் விலக்கு!

பாரம்பரியத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வெனிஸ் 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். புனித மார்க் தேவாலயத்தைக் கல்லும் காசும் இருந்தால் பராமரித்துவிடலாம். பழக்கவழக்கத்துக்கு ஆள் வேண்டும்.

கோண்டோலா படகையே எடுத்துக்கோங்க. படகோட்டி ஒரே துடுப்பை வலப்பக்கமாக மட்டும் போடுவார். படகு வட்டமடிக்காமல் நேராகப் போக, இடப்பக்கத்தை வேண்டுமென்றே அகலமாகச் செய்கிறார்கள். இந்தக் கணக்கு ஆசாரிகளின் கைப்பழக்கத்தில் இருக்கிறது.

ஜூலை மாத ரெதென்டோரே திருவிழாவும் அப்படித்தான். 1570-களின் கொள்ளைநோய் ஓய்ந்ததற்கான நன்றிக்கடன் அது. ஜூடெக்கா கால்வாய் மேல் தற்காலிக மிதவைப் பாலம் போட்டு, மக்கள் தேவாலயத்துக்கு நடந்து போவார்கள். முந்தின இரவு குடும்பம் குடும்பமாகப் படகில் சாப்பிட்டபடி வாணவேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் குடும்பங்கள் ஊரில் இல்லையென்றால் மிஞ்சுவது வாணவேடிக்கை மட்டுமே.

தீர்வு இருக்கா?

குறுகிய கால வாடகைகளைக் கட்டுப்படுத்த வெனிஸுக்கு 2022-லேயே இத்தாலி நாடாளுமன்றம் தனி அதிகாரம் கொடுத்தது. டிக்கெட்டைவிடக் கசப்பான மருந்து அது. சொந்த ஊர் வீட்டு உரிமையாளர்களின் வருமானத்தில் கை வைக்கணும். அதனால், வெனிஸ் பற்றி அடுத்த செய்தி வரும்போது எத்தனை டிக்கெட் விற்றது என்று பார்க்காதீங்க. அந்த மருந்துக்கடைப் பலகையில் எண் ஏறுதா, இறங்குதான்னு பாருங்க.