வீட்டு மேசையில் ஒரு வடிவமைப்பு நிறுவனம்

நம் நாணயங்களில் இன்று காணப்படும் ரூபாய்க் குறியீட்டை மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது 2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள். நாடு தழுவிய போட்டியில் அதனை வரைந்து வென்றவர், மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறையில் பயின்ற தமிழர் உதயகுமார். தேவநாகரி எழுத்தையும் ரோமன் எழுத்தையும் இணைத்துப் பிறந்த அந்தச் சிறு வடிவம் ஒரு பெருநாட்டின் பணத்திற்கே அடையாளமாகிவிட்டது. ஆயினும், "படம் வரைந்து பிழைக்க முடியுமா?" என்ற கேள்வி நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை.

அந்தக் கேள்வியை நான் முற்றிலும் ஒதுக்கமாட்டேன். வடிவமைப்புத் தொழிலில் பிழைக்க முடியும். வரையத் தெரிந்திருப்பது மட்டும் அதற்குப் போதாது. கிராஃபிக் டிசைன், மோஷன் டிசைன் ஆகிய இரண்டிலும் திறமை மிக்க இளைஞர்கள் பலர், மாதச் சம்பள வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் பணியில் இறங்குகிறார்கள். புணேயிலோ இந்தூரிலோ ஒரு வாடகை அறையில் அமர்ந்து, லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்திற்கு இலச்சினையும் விளம்பரக் குறும்படமும் செய்து தருவது இன்று இயல்பான செய்தி. கடை வேண்டியதில்லை, சரக்கு வேண்டியதில்லை. அதனாலேயே இதனை ஒரு தொழிலாக எண்ணாமல், பொழுதுபோக்கின் நீட்சியாகவே பலர் நடத்துகிறார்கள். முதல் வாடிக்கையாளர் வந்த நாளிலேயே அந்த மேசை ஒரு நிறுவனம் ஆகிவிடுகிறது. அதற்குரிய தாள்களும் கணக்கும் அன்றே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விலை. சம்பளத்தை 30 நாட்களால் வகுத்து அன்றாடக் கட்டணம் கண்டுபிடிப்பவர்கள் ஓராண்டுக்குள் களைத்துப்போவார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். குடும்பச் செலவுக்கு மாதம் 40,000 ரூபாய் வேண்டும். மென்பொருள், இணையம், மின்சாரம் ஆகியவற்றுக்கு 10,000. ஒன்றேகால் லட்சத்தை ஒட்டிய கணினியை நான்காண்டுக்கு ஒருமுறை மாற்ற மாதம் 2,500. மருத்துவக் காப்பீடு, முதுமைக்கால சேமிப்பு ஆகியவற்றுக்கு 5,500. வேலை வராத மாதங்களுக்கென ஒதுக்க வேண்டியது 7,000. மொத்தம் 65,000 ரூபாய். வருமான வரி இதற்கு மேல். மாதத்தில் கட்டணம் பெறும் வேலை நடக்கும் நாட்கள், தொடக்க காலத்தில் 13க்கு மேல் அமைவது அரிது. எஞ்சிய நாட்கள் வாடிக்கையாளரைத் தேடுவதிலும், விலை பேசுவதிலும், பணம் கேட்டு நினைவூட்டுவதிலும் கழிகின்றன. ஆகவே ஒரு நாள் உழைப்பின் விலை 5,000 ரூபாய். மூன்று நாள் உழைத்து உருவாக்கும் இலச்சினையை 1,500 ரூபாய்க்குத் தருபவர், தம் குடும்பத்தின் பணத்தை வாடிக்கையாளருக்கு மானியமாக வழங்குகிறார்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்கள் அறிமுகத்திற்கு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபைவரில் விற்பவர் ஈட்டும் தொகையில் 20 விழுக்காடு தளத்திற்குப் போகிறது. அதன்பின் செலாவணி மாற்றத்தில் ஒரு பகுதி குறைகிறது. விலை சொல்லும்போதே இவற்றைச் சேர்த்துச் சொல்லாதவர், மாத இறுதியில் வங்கிக் கணக்கைப் பார்த்து வியப்படைகிறார். மலிவான விலையில் போட்டியிடுவோர் கூட்டத்தில் இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. ஒரு நொடியில் பத்து இலச்சினைகளைத் தரும் கருவியுடன் விலையில் மோதுவது வீண்.

எதில் மோதலாம் என்று கேட்டால், என் விடை பலருக்கு வியப்பளிக்கக்கூடும்: தாய்மொழியில். நாடு முழுதும் விற்கும் நிறுவனம் எதுவாயினும் ஒரே விளம்பரத்தை எட்டு, பத்து மொழிகளில் வெளியிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் வாசகம் தமிழில் இரண்டு வரியாகிறது. திரையில் அது நிற்க வேண்டிய நேரமும் கூடுகிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்யும் அசைவுகளில் இடர் இன்னும் பெரிது. 'கொ' என்ற ஓரெழுத்தின் ஒற்றைக்கொம்பு முதலில் வந்து, ககரம் பின்னர் வந்து, கால் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அவலத்தைத் தொலைக்காட்சியிலேயே காண்கிறோம். தமிழறியாத வடிவமைப்பாளருக்கு அது பிழையாகவே தெரியாது. டெல்லியிலும் மும்பையிலும் வளர்ந்த தமிழ் இளைஞருக்கு இந்தியும் மராத்தியும் தமிழும் படிக்கத் தெரியும் என்றால், அது வேலைத் தகுதி. தம் படைப்புத் தொகுப்பில் அழகான கற்பனை இலச்சினைகள் முப்பதை அடுக்குவதைவிட, ஒரே விளம்பரத்தின் மூன்று மொழி வடிவங்களை அவர் பிழையின்றிக் காட்டினால் மேலாளர்கள் நின்று பார்ப்பார்கள். எழுத்துருவும் தடையன்று. மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய முக்த மலர், பலூ தம்பி போன்ற தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன; வணிகப் பணிக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

உரிமம் பற்றிப் பேசுகையில் மென்பொருளையும் சொல்லியாக வேண்டும். திருட்டு நகல் மென்பொருளுடன் தொழில் தொடங்குவது நம்மிடையே கூச்சமின்றி நடக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில், படைப்பு எவருடைய உரிமையையும் மீறவில்லை என்று வடிவமைப்பாளர் உறுதியளிக்கும் விதி இருப்பது வழக்கம். நகல் மென்பொருளை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்திடுவது ஆபத்து. மாதச் சந்தா கட்ட இயலாத நிலையில் பிளெண்டர், இங்க்ஸ்கேப், கிருதா ஆகியவை இலவசம். டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. தொடங்குவதற்கு இவை தாராளம்.

அடுத்தது ஒப்பந்தம். இங்கு மோஷன் டிசைன் செய்பவர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நொடிக்கு 25 சட்டங்கள் என்றால், பத்து நொடிப் படத்தில் 250 சட்டங்கள். குரல் பதிவும் முடிந்து, அசைவும் முடிந்த பின் வாடிக்கையாளர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், பாதி வேலை மீண்டும் தொடங்குகிறது. இதனைத் தவிர்க்க ஒரே வழி, வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எழுத்து மூலமான ஒப்புதல் பெறுவது. முதலில் வாசகம், பின்னர் காட்சி வரைவு, பின்னர் வண்ணமும் பாணியும் காட்டும் மாதிரிச் சட்டங்கள், இறுதியாக அசைவு. பணமும் அவ்வாறே: தொடங்கும்முன் 40 விழுக்காடு, மாதிரிச் சட்டங்கள் ஏற்கப்பட்டதும் 30, இறுதிக் கோப்பு தரும்முன் 30. திருத்தம் இரு முறைதான், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம் என்று எழுதிவிட்டால் உறவும் கெடாது. முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று அஞ்சுவோர் உண்டு. முன்பணத்திற்கே போய்விடுபவர் இறுதிப் பணத்திற்கு நின்றிருப்பாரா என்று எண்ணிப் பார்க்கலாம்.

படைப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாத ஓவியரோ வடிவமைப்பாளரோ உருவாக்கும் கலைப்படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அவரே. ஆனால் கட்டணம் தந்து ஒருவர் எடுக்கச் சொல்லும் திரைப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அசையும் விளம்பரம் சட்டத்தின் கண்களில் திரைப்படமாகக் கருதப்படக்கூடும். அசையாத இலச்சினை அவ்வாறன்று. ஒரே வாடிக்கையாளருக்குச் செய்த இரு வேலைகளின் உரிமை இரு வேறு திசைகளில் போகலாம்! உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே கொள்கிறது. இது வாடிக்கையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. முழுப் பணம் வந்த பின்னரே உரிமை மாறும் என்ற ஒரு வரியை வடிவமைப்பாளர் மறக்கலாகாது.

பணம் தராமல் இழுத்தடிப்பவர்களிடம் என்ன செய்வது? இந்திய நிறுவனம் எனில், நாம் எண்ணுவதைவிடச் சட்டம் துணை நிற்கிறது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு, ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே கட்டணமின்றிச் செய்யக்கூடியது. தனி ஒருவர் நடத்தும் சேவைத் தொழிலும் இதில் குறுந்தொழிலாகப் பதிவாகலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் (2006), இத்தகைய தொழிலிடம் வாங்குபவர் ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல் பணம் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. சமாதான் இணையதளத்தில் முறையிடலாம். இவற்றோடு, காலக்கெடு கடந்த பாக்கியை உண்மையில் செலுத்தும் வரை வாங்கிய நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாது என்ற விதியும் அண்மை ஆண்டுகளில் வந்துவிட்டது. மார்ச் மாதத்தில் அந்நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு, உத்யம் எண்ணை அச்சிட்ட இன்வாய்ஸை மீண்டும் ஒருமுறை பணிவுடன் அனுப்பிப் பாருங்கள். வேலைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பின் ஓடிப் பயனில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இந்தச் சட்டம் எட்டாது. அங்கே முன்பணம் ஒன்றே காவல். அங்கிருந்து வரும் பணத்தைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. வெளிநாட்டு வருவாய்க்கு வரி இல்லை என்பது ஒன்று. இந்தியாவில் வசிப்பவருக்கு அது முழுமையாக வரிக்குரிய வருமானமே. உள்நாட்டு நிறுவனம் நிபுணத்துவக் கட்டணத்தில் 10 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுபோல் அயல்நாட்டார் பிடிப்பதில்லை. ஆகவே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் முன்வரி கட்டும் பொறுப்பு நம்மிடமே உள்ளது. ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் அந்த வரவைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. வரி விகிதம் பூச்சியமே. ஆயினும் பதிவுக்கான வரம்பான 20 லட்சம் ரூபாயைக் கணக்கிடும்போது (சில மாநிலங்களில் 10 லட்சம்) வெளிநாட்டு வரவும் சேரும். பதிவான பின், உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். ஒவ்வோர் அயல்நாட்டு வரவுக்கும் வங்கியிடமிருந்து உள்வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி, இன்வாய்ஸுடன் இணைத்து வைப்பது ஐந்து நிமிட வேலை. மற்றவற்றை ஆடிட்டரிடம் விடலாம்.

தொழில் வரவுக்குத் தனிக் கணக்கு என்பதை இந்த இதழில் படித்துப் படித்துச் சலித்திருப்பீர்கள். இருப்பினும் காரணத்தைச் சொல்கிறேன். கடன் கேட்டு வரும் ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளரின் கணக்கு அறிக்கையில் மளிகைக் கடைச் செலவும், நண்பரிடம் வாங்கிய கைமாற்றும், லண்டனிலிருந்து வந்த கட்டணமும் கலந்து கிடந்தால், எது தொழில் வருவாய் என்று யாரால் சொல்ல முடியும்?

வங்கிகளிடமும் ஒரு குறை உண்டு. இவ்விதழில் எழுதுவதால் அதை விழுங்கிவிட மாட்டேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டு என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு வீட்டுக்கடன் விண்ணப்பத்தைத் திருப்பும் பழக்கம் பல கிளைகளில் இன்னும் நீடிக்கிறது. ஒரு மாதம் இரண்டு லட்சம், அடுத்த மாதம் பத்தாயிரம் என்று வருவது இத்தொழிலின் இயல்பு. ஆண்டு மொத்தத்தையும், வாடிக்கையாளர் எத்தனை பேர் மீண்டும் வந்தார்கள் என்பதையும் பார்க்கும் கண் நம் கடன் பிரிவுகளுக்கு வேண்டும். விவசாயியின் பருவ வருமானத்தை நெடுங்காலமாகப் புரிந்துகொண்டு கடன் தரும் வங்கிகளுக்கு இது புதுப் பாடமன்று. கணினி வாங்க வருவோருக்கு, 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் சேவைத் தொழிலுக்கும் உரியது, 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிசோர், இரண்டுக்கும் பிணை இல்லை என்று கிளையிலேயே எடுத்துச் சொல்லலாம். வட்டி கூடுதலான தனிநபர் கடனுக்கு அவர்களை அனுப்புவது நியாயமன்று.

விண்ணப்பிக்கச் செல்லும் இளைஞர்கள் உத்யம் சான்று, இரண்டு அல்லது மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, தொழில் கணக்கின் 12 மாத அறிக்கை ஆகியவற்றோடு இன்னொரு தாளையும் இணையுங்கள்: அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒப்பந்தமான வேலைகள், ஒவ்வொன்றின் தொகை, முன்பணம் வந்த தேதி. மேலாளர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.