புவி அறிவியலும் அதன் கிளைகளும்

புவி அறிவியலை அறிமுகம் செய்யும் நூல்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு தொடங்குகின்றன. பாறைகளையும் நில அமைப்பையும் ஆராய்வது நிலவியல்; அதிர்வுகளை ஆராய்வது நிலநடுக்கவியல்; கடலை ஆராய்வது கடலியல்; காற்றையும் மழையையும் ஆராய்வது வானிலையியல். (நிலவியலைப் புவியியலோடு மயங்குவோர் இன்றும் உளர்.) பட்டியலில் பிழையில்லை. ஆயினும் அது மாணவர் மனத்தில் சுவர்களையும் சேர்த்தே எழுப்பிவிடுகிறது. அச்சுவர்களின் விலையை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 உணர்த்தியது.

அன்று காலை 6.29 மணியளவில், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு பர்மாத் தட்டின்கீழ்ச் சறுக்கியது. சில நிமிடங்களில் நிலநடுக்கமானிகள் அதிர்வைப் பதிவு செய்தன. கால்மணி நேரத்தில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கணித்த அளவு 8.0, பின்னர் உறுதியான அளவோ 9.1. எண்ணில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு ஆற்றலில் 40 மடங்குக்கும் மேலாகும். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கரையருகே வேகம் தளர்ந்து உயரம் பெருகும். கடலியல் இதனை முன்பே அறிந்திருந்தது. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரமிருந்தும் ஒரு துறை கண்டதை மற்றொரு துறை கணக்கிட்டுக் கரையிலிருந்தோர்க்கு உரைக்கும் அமைப்பு இந்தியப் பெருங்கடலில் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இக்கடலில் பெருஞ்சுனாமி அரிது எனக் கருதப்பட்டது அவ்வமைப்பு இல்லாமைக்கு ஒரு காரணம். அதற்கு மறுமொழி மண்ணுக்குள்ளேயே இருந்தது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில், 2004இன் மணற்படிவுக்குக் கீழே ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முந்தைய சுனாமியின் மணற்படிவு கண்டறியப்பட்டது. ஆய்வு வெளியானது 2008இல்தான்.

ஒரு துறையை ஆழ்ந்து கற்கவே வாழ்நாள் போதாது என்பர். மெய்யே. எல்லாத் துறையிலும் வல்லவராதல் எவர்க்கும் இயலாது. தம் துறையின் விடை எவருக்குப் பயன்படும் என்றறிவது இயலும். அதையே பாடநூல்கள் முதலில் கற்பித்தல் வேண்டும்.

2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையத்தில் நிலநடுக்கமானியும் கடலடி அழுத்தமானியும் ஒருங்கே கண்காணிக்கப்படுகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. அம்முறை பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தனவேயன்றிக் கடல்தளம் பெரிதும் மேலெழவில்லை. கருவிகள் சிற்றலைகளையே காட்டின. எச்சரிக்கை அன்றே விலக்கப்பட்டது.