ரசித்துக் குடிப்பது எப்படி?

குடியைப் பற்றி எழுதுங்கள் என்று வாலிபர்கள் சிலர் எனக்குக் கடிதம் போடுகிறார்கள். எதில் தொடங்குவது, எவ்வளவு குடிப்பது, தண்ணீர் கலப்பதா, சோடா கலப்பதா, ரசித்துக் குடிப்பது என்கிறார்களே அது எப்படி – இவை அவர்களுடைய சந்தேகங்கள். ஒரு கதாசிரியன் இதற்கெல்லாம் பதில் எழுதலாமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்களும் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால், கடைக்குப் பின்னாலுள்ள சந்தில் நிற்கிற எவனோ ஒருவன் அந்தப் பையன்களுக்குப் பதில் சொல்லுவான். அவனுக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

குடி நமக்குப் புதிதல்ல. கள், நறவு, தேறல் என்று பழந்தமிழில் அதற்கு எத்தனை பெயர்கள்! அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில் முதலில் வருவது, அவன் தன்னோடு பகிர்ந்துகொண்ட கள்தான். அதே மொழியில்தான் வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அந்தப் பத்துக் குறளிலும் அவர் நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை. பெற்ற தாயின் முகத்தைக் காட்டுகிறார். இந்த இருவருக்கும் கள் என்றால் என்னவென்று தெரியும். புகழ்ந்தவளும் அறிந்து புகழ்ந்தாள், இகழ்ந்தவரும் அறிந்து இகழ்ந்தார். இன்று குடிக்கிறவனுக்கும் தெரியாது, திட்டுகிறவனுக்கும் தெரியாது.

எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். தொடங்கியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று நான் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். எனவே புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நம் ஊர்க் கடையில் விஸ்கி, பிராந்தி என்று மலிவாக விற்பதில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவான சர்க்கரைப் பாகிலிருந்து வடித்த சாராயம். அதில் நிறமும் மணமும் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். திராட்சைப் படம் போட்ட பிராந்திக்கும், திராட்சைக்கும் பெரும்பாலும் உறவே கிடையாது. இதில் எதை ரசிப்பது? லேபிளையா?

எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போடுங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, அதில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால், அதாவது 77 மில்லி. எடையில் சுமார் 60 கிராம். சாதாரண மனுஷனுடைய கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஒருவன் குவார்ட்டரைக் கவிழ்த்தால், விடியற்காலம் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான் அவனுடைய ரத்தம் சுத்தமாகிறது. நடுவில் காப்பி குடித்தாலும் சரி, குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டாலும் சரி, மோர் குடித்தாலும் சரி, கல்லீரல் அவசரப்படாது. 'தெளிந்துவிட்டது' என்று மோட்டார் சைக்கிளை எடுக்கிறவன் தெளியவில்லை, விழித்திருக்கிறான், அவ்வளவே.

பீர் ஒன்றும் செய்யாதாமே? 650 மில்லி பீரில், 5 சதவிகிதம் என்றால், 32 மில்லி ஆல்கஹால். 'ஸ்ட்ராங்' என்று எழுதிய புட்டியில் 8 சதவிகிதம் வரை போகும்; அப்போது 52 மில்லி. குளிருக்கு பிராந்தி நல்லதாமே? தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாகத் தோன்றுகிறது. உண்மையில் உடம்பின் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அளவாகக் குடித்தால் ஆரோக்கியமாமே? மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள். பாதகமில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பச்சையாகவே சொல்லிவிட்டது. இதெல்லாம் தெரிந்தும் ஒருவன் குடித்தால் அது அவன் பாடு. தெரியாமல் குடிக்க வைப்பதுதான் பாவம்.

சரி, ரசனைக்கு வருவோம். ரசிப்பதற்கு நேரம் வேண்டும், சாப்பாடு வேண்டும், பேச்சுத் துணை வேண்டும், அளவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிக்கிற பொருளில் ஒரு ருசி வேண்டும். ராஜபாளையத்தில் மில் ஷிப்டு முடிந்து வருகிறவனைப் பாருங்கள். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், விரல் நுனியில் ஊறுகாய். சந்தில் நின்றபடி, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில், மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்குகிறான். விளக்கெண்ணெய் குடிக்கிற குழந்தைகூட இதைவிட நிதானமாகக் குடிக்கும். ரசனை என்ற சொல்லை இந்த இடத்தில் உச்சரிக்கவே எனக்குக் கூசுகிறது.

ருசி என்று ஒன்று இருந்த பானத்தை நாம் என்ன செய்தோம்? எங்கள் சுந்தரபாண்டியத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் பனையோ தென்னையோ கண்ணில் படாமல் போகாது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியது இனிக்கும், பொழுது ஏற ஏறப் புளிக்கும், மறுநாள் காடியாகிவிடும். ஆல்கஹால் சுமார் 5 சதவிகிதம். ஒரு குவார்ட்டரில் இருப்பது கள்ளில் கிடைக்க ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். அதற்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடும். இந்தக் கள்ளை 1987 முதல் தமிழ்நாட்டில் இறக்கக்கூடாது. செங்கோட்டை வழியாக ஆரியங்காவு தாண்டினால் இறக்கலாம், குடிக்கலாம், சட்டம் சும்மா இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் பானம், இந்தப் பக்கம் குற்றம்! மாநில மரம் பனை என்று பெருமை வேறு.

கள்ளில் கலப்படம் செய்கிறார்கள் என்பார்கள். செய்தார்கள்தான். பாலிலும்கூடத்தான் கலப்படம் உண்டு. அதற்காக மாட்டைத் தடை செய்தோமா? கலப்படக்காரனைப் பிடிக்கிற வேலை சர்க்காருடையது. அந்த வேலையைச் செய்யாமல், மரமேறியின் பிழைப்பைப் பறித்துவிட்டு, அந்த இடத்தில் சர்க்கார் தானே கடை வைத்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1937-இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் ராஜதானி முழுவதும் வந்தது. 1971-இல் எடுத்தார்கள், 1974-இல் மறுபடி போட்டார்கள், 1981-இல் மறுபடி எடுத்தார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்தன. 2023-24-இல் மதுவினால் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். உயிருக்குக் கேடு என்று புட்டியில் அச்சடித்துவிட்டு, அதே புட்டியைப் பகல் பன்னிரண்டு மணிக்கு நீட்டுகிற வியாபாரி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறான்? கடையை மூடச் சொல்லிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015-இல் போராட்டக் களத்திலேயே உயிரை விட்டார். கடைகள் இன்னும் இருக்கின்றன.

கடை இல்லாவிட்டால் கள்ளச் சாராயம் பெருகும் என்று பதில் சொல்வார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் குடித்துச் செத்தார்களே, அன்றைக்குக் கடைகள் மூடியா இருந்தன? மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகிறது. முதலில் கண்ணைப் பறிக்கிறது, பிறகு உயிரை. செத்தவர்கள் தேடியது ரசனையையா? குவார்ட்டருக்குக் காசில்லாதவர்கள் அவர்கள்.

முழு மதுவிலக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1948 முதல் 1971 வரை போலீஸ்காரனுக்கும் காய்ச்சுகிறவனுக்கும் நடந்த கூட்டு வியாபாரத்தை மறந்துவிட முடியாது. சர்க்கார் விற்பதை விட்டுவிட்டுக் கண்காணிப்பதைச் செய்யட்டும். கள்ளை மரமேறியிடம் திருப்பிக் கொடுக்கட்டும். புட்டியில் பொம்மை போடுவதற்குப் பதில் மேலே நான் போட்ட கணக்கை அச்சடிக்கட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. 'குடிக்காவிட்டால் சிநேகிதர்கள் கேலி செய்கிறார்களே, என்ன செய்வது?' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். மற்றக் கேள்விகளெல்லாம் இதை மறைக்கத்தான் என்பது என் அபிப்பிராயம். தம்பி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கடலையைக் கொறித்துக்கொண்டிரு, எழுந்து ஓடாதே. இரண்டாவது சுற்றுக்குமேல் உன்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு, அவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க நீ ஒருவன்தான் வேண்டியிருக்கும்.