பூசிய சுவரும் புதையுண்ட உண்மையும்

போர் இடித்த ஊரைக் கட்டி எழுப்புவது வேறு. போர் இடித்த ஊரைப் பூசி மறைப்பது வேறு. முன்னதற்கு அறம் வேண்டும். பின்னதற்குச் சுண்ணாம்பே போதும். 2009ஆம் ஆண்டு மேத் திங்களில் ஈழப்போர் முடிந்த பின்னர் வடபுலத்தில் நடந்துவருவது இவ்விரண்டில் எது? அங்குள்ள உறவினரைக் கண்டுவரச் செல்லும் தமிழர் ஒவ்வொருவரும் இவ்வினாவைத் தம்முடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.

செல்வோர் தொகை சிறிதன்று. நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலத்தில் கனடாவினின்றும் பிரித்தானியாவினின்றும் பிற நாடுகளினின்றும் புலம்பெயர்ந்தோர் குடும்பங் குடும்பமாக யாழ்ப்பாணம் வந்து சேர்கின்றனர். 2019 நவம்பரில் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே வானூர்தி ஓடத் தொடங்கிற்று. 2023 அக்தோபரில் நாகையினின்று காங்கேயன்துறைக்குக் கப்பலும் விடப்பட்டது. முதுமையுற்ற தாயின் கையைப் பற்றவும், முகமறியாத பேரப்பிள்ளையைப் பாட்டனுக்குக் காட்டவும் ஒருவன் கடல் கடந்து செல்வானாயின், அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. செல்லுதல் குற்றமன்று. சென்று மீண்டோர் சிலர் கூறும் ஒரு சொல்லே குற்றம். “அங்கே இப்பொழுது எல்லாம் சரியாகிவிட்டது, போர் நடந்த சுவடே தெரியவில்லை” என்கின்றனரே, அந்தச் சொல்!

சுவடு தெரியவில்லையா? தெரியாமற் செய்யப்பட்டதா?

கண்டி – யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை செப்பனிடப்பட்டது உண்மை. 1990இல் நின்றுபோன தொடர்வண்டி 2014 அக்தோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்ததும் உண்மை. நோயாளியை மருத்துவமனைக்கும் விளைச்சலைச் சந்தைக்கும் கொண்டுசெல்ல அவை உதவுகின்றன என்பதை மறுப்பது பேதைமை. ஆனால், சாலை என்பது வழியேயன்றி வாழ்வன்று. அச்சாலையின் இருமருங்கிலும் உள்ள நிலம் எவருடையது? அதில் வாழ்ந்தவர் எங்கே? மாண்டவர் எங்கே கிடக்கின்றனர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடைதராத மீள்கட்டமைப்பு வெறும் ஒப்பனையே.

முதலில் நிலத்தைக் காண்போம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் தம் ஊர்களினின்று பெயர்க்கப்பட்டனர். அவர்தம் வீடும் தோட்டமும் உயர்காப்பு வலயமாயின. மயிலிட்டித் துறைமுகம் மீனவர்க்கு மீண்டது 2017 சூலையில். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்! போர் முடிந்த பின்னும் உரிமையாளர் முகாம்களில் தகரக்கூரையின் கீழ் வெந்துகொண்டிருக்க, காங்கேயன்துறைக் கடலோரத்தில் படையினர் நடத்தும் ஓய்வு விடுதி விருந்தினரை வரவேற்றது. தையிட்டியில் தமிழரின் தனியார் நிலத்தில் எழுந்த புத்த விகாரையை எதிர்த்து நிலத்துக்குரியோர் 2023 முதல் போராடி வருகின்றனர். வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வண்ணம் பூசுவதைப் புதுமனை புகுவிழா என்று எவரேனும் கூறுவரா?

அறம் என்பது ஒருபக்கம் மட்டும் வெட்டும் வாளன்று. 1990 அக்தோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முசுலிம் மக்களின் மனையும் கடையும் பள்ளிவாசலும் அவ்வாறே அவர்க்கு மீளவேண்டும். தமக்கு ஒரு நயன்மையும் அண்டை வீட்டானுக்கு மற்றொரு நயன்மையும் கேட்போர், தமக்குரியதையும் உரத்துக் கேட்கும் தகுதியை இழப்பர்.

அடுத்து நினைவைக் காண்போம். கிளிநொச்சியில் போரின்போது சாய்ந்த நீர்த்தொட்டி, போருக்குப் பின் சுற்றுலாக் காட்சிப்பொருளாக்கப்பட்டது. அருகே நினைவுப்பொருள் விற்கும் கடையும் வைக்கப்பட்டது. அதே ஊரில், குண்டு துளைத்துப் பிளந்த கற்பாளத்தினின்று தாமரை மலர்வதுபோல் படையின் வெற்றிச்சின்னம் எழுந்தது. வென்றவர்க்குக் கல் நாட்டப்பட்டது. மாண்டவர்க்கு இருந்த கல்லும் பெயர்க்கப்பட்டது. கோப்பாயில் துயிலுமில்லம் இடித்து நிரவப்பட்டு, அவ்விடத்தில் 2011இல் படைத்தலைமையகம் திறக்கப்பட்டது. எக்கொள்கைக்காக மாண்டவனாயினும் அவன் ஒரு தாயின் மகன். மகன் புதைந்த மண்ணில் ஒரு பூவை வைப்பதற்கும் தாய்க்கு இடமில்லையெனில், அங்கே கட்டப்பட்டது ஊரா, சிறையா?

இனி, காணாமல் ஆக்கப்பட்டோரைக் காண்போம். 2017 பிப்ருவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரக் கொட்டகையில் அமர்ந்தனர். கையில் பிள்ளையின் ஒளிப்படம், வாயில் ஒரே வினா: “எங்கள் பிள்ளைகள் எங்கே?” ஆண்டுகள் கடந்தன. அக்கொட்டகைகளில் அமர்ந்திருந்தோருள் விடை பெறாமலே மறைந்தோர் பலர். செப்பனிட்ட சாலையில் வழுக்கிச் செல்லும் மகிழுந்தின் சாளரத்தை ஒருமுறை இறக்கினாற் போதும். அத்தாய்மாரின் வினா காதில் விழும்.

செம்மணியின் செய்தியோ நெஞ்சைப் பிளப்பது. அங்கே முந்நூறு முதல் நானூறு உடல்கள் புதைக்கப்பட்டன என்று 1998இலேயே, கொலைக்குற்றத்துக்காகச் சாவுத்தண்டனை பெற்ற படைவீரன் ஒருவன் வழக்குமன்றத்தில் கூறினான். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பின்னர் எல்லாம் அடங்கிற்று. 2025 பிப்ருவரியில் அரியாலையை அடுத்த சித்துப்பாத்தி இடுகாட்டில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டிலேயே 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன. அவற்றுட் குழந்தைகளுடையனவும் இருந்தன. புதிய கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டினால் பழைய கொலை எழுந்து நிற்கிறது. இதற்குப் பின்னுமா “சுவடே இல்லை” என்பது?

ஊரின் முகத்தில் எழுதப்படும் மொழியையும் காண்க. 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஏட்டில் உள்ள அவ்வுரிமை அறிவிப்புப் பலகையில் எழுத்துப்பிழையாகப் பல்லிளிக்கிறது. தமிழ் மண்ணில் தமிழைப் பிழையின்றி எழுதவும் அக்கறையற்ற ஆட்சி, தமிழர் வாழ்வைப் பிழையின்றிக் கட்டுமென்று நம்புவது எங்ஙனம்?

1981 மே 31 இரவு தீயிடப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்த யாழ்ப்பாண நூலகம் மீண்டும் வெண்ணிறத்தில் எழுந்து நிற்கிறது. அது மகிழத்தக்கதே. எனினும், எரிந்த ஓலைச்சுவடி எந்தக் கொத்தனாரின் கையாலும் மீளாது. எரித்தவர் எவரும் தண்டிக்கப்பட்டதுமில்லை. மெய்யான மீட்டெழுச்சிக்குச் சான்று வேண்டுவோர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைக் காண்க. அங்கிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 சனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாது அமர்ந்தனர். உலகத் தமிழர் குரலெழுப்பினர். அதே ஆண்டு ஏப்பிரலில் தூண் மீண்டும் நின்றது. எவரும் வழங்கிய கொடையன்று அது. உரிமையுணர்வு எழுப்பிய கல்.

ஆதலின், உறவினரைக் காணச் செல்வோரே, செல்க! நல்லூரைத் தொழுக, நூலகத்தில் அமர்ந்து படித்து வருக, உள்ளூரார் கடையில் உண்டு அவர் கையிற் பொருள் சேர்க. ஆனால் படையினரின் விடுதியில் உறங்காதீர். பெரியம்மாவின் திண்ணையில் அமர்ந்து, “நம் காணி மீண்டதா? பக்கத்து வீட்டுப் பிள்ளை திரும்பினானா?” என்று கேளுங்கள். கொட்டகையில் இருக்கும் தாய்மார் அருகே ஒரு நாழிகை இருந்து வாருங்கள். ஊர் திரும்பியபின் கண்டதைக் கண்டவாறு கூறுங்கள்.

அங்குள்ளோர் பலர் அச்சத்தால் வாய்திறவார். அச்சமின்றி வந்துபோகும் உரிமை பெற்றோரும் வாய்மூடுவாராயின், புதையுண்டோர்க்காகப் பேசுவார் எவர்?