மடங்கிய மிதிவண்டி பொதியா, வண்டியா?

தடாவில் இறங்கி ஸ்ரீசிட்டி வளாகங்களுக்குச் செல்லும் ஆய்வாளர்களிடையே மடங்கும் மின்மிதிவண்டி பற்றிய பேச்சு இப்போது மிகுந்திருக்கிறது. நண்பர் ஒருவர் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை அனுப்பியிருந்தார். மோட்டாரின் வாட், ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் தூரம், கியர்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தன. எடை இல்லை, மடக்கிய நிலையின் அளவுகளும் இல்லை. அந்த அட்டவணையை நம்பி உதவித்தொகையைச் செலவிட வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சொற்கள் சற்றுக் கடுமையாக இருந்தால் நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வாட். மைய மோட்டார் வாகன விதிகளின்படி, முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், மணிக்கு 25 கி.மீ. வேகத்தை எட்டும்போது உதவி நின்றுவிடுவதாகவும் உள்ள மிதிவண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. உரிமமும் பதிவும் அதற்குத் தேவையில்லை. எனவே சட்டத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கிடையே இந்த எண்ணில் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. இதைவிட மிகுந்த திறனைப் பெருமையாகக் காட்டும் வண்டியை வாங்குபவர், பதிவெண் இல்லாத மோட்டார் வாகனத்தையே வாங்குகிறார்.

தூரமும் அப்படித்தான். ஒருவழிக்கு 10 கி.மீ. என்று கொள்வோம். சமதரையில் மிதித்துக்கொண்டே சென்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட்-மணி செலவாகும். போக வர 200. வழக்கமான 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலம் 360 வாட்-மணி தருகிறது. கடற்காற்று எதிர்த்தாலும் போதும். நூறு கிலோமீட்டர் ஓடும் மின்கலத்தைச் சுமப்பது, நாளும் ஒரு வேளை உண்பதற்கு மூன்று வேளைக் கட்டுச்சோறு தூக்கிச் செல்வது போன்றது.

அந்தச் சுமைதான் என் முதன்மையான வாதம். இருபது அங்குலச் சக்கரமுள்ள மடங்கும் மின்மிதிவண்டிகள் பல 20 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ எடையுள்ளவை. வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் மடிக்கணினிப் பையோடு, அந்தக் கேனை நடைமேம்பாலப் படிகளில் ஏற்றி இறக்கி, நெரிசலான பெட்டிக்குள் கொண்டுசெல்ல இயலுமா? இயலாதெனில், மடங்கும் என்ற சொல்லுக்கு அந்த வண்டியில் பொருளில்லை. சென்னையிலிருந்து வரும் புறநகர் வண்டிகளில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகின்றன. தடா வழியே சூலூர்ப்பேட்டை செல்பவை சிலவே. ஒன்றைத் தவறவிட்டால் அரைநாள் போயிற்று. கும்மிடிப்பூண்டியிலேயே இறங்கித் தேசிய நெடுஞ்சாலை 16-இல் ஓட்டிவரலாமே என்கிறார் நண்பர். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, சிறு சக்கரங்களில், மணிக்கு 25 கி.மீ. வேகத்திலா?

எடை குறைந்த வண்டி கிடைத்துவிட்டாலும் ரயில்வே விதி குறுக்கே நிற்கிறது. பெட்டிக்குள் உடன்கொண்டு செல்லும் பெட்டி, சூட்கேஸ் ஆகியவற்றின் வரம்பு 100 × 60 × 25 செ.மீ. மிகச் சிறிதாக மடங்குவதற்குப் பெயர்பெற்ற லண்டன் பிராம்ப்டன் வண்டியே 58.5 × 56.5 × 27 செ.மீ. தடிமனில் இரண்டு செ.மீ. மிகை! அதைவிடப் பெரிய இடர், கட்டணமில்லாச் சுமைச் சலுகை மிதிவண்டிக்குப் பொருந்தாது என்ற விதி. மடக்கி உறையிலிட்ட பின் அது மிதிவண்டியா, பொதியா? விடை அன்றன்று எதிர்ப்படும் பரிசோதகரின் மனநிலையைப் பொறுத்தது. ஆய்வாளரின் அன்றாடப் பயணம் அதை நம்பியிருக்கலாகாது.

பிற இடங்களில் இக்கேள்விக்கு விடை கண்டிருக்கிறார்கள். பெங்களூரு மெட்ரோ 2022-இல் மடங்கும் மிதிவண்டியை அனுமதித்தது. ஆனால் 60 × 45 × 25 செ.மீ., 15 கிலோ என்ற வரம்புக்குள் நம் அட்டவணை வண்டிகளில் ஒன்றும் அடங்காது என்றே நினைக்கிறேன். ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் மின்மிதிவண்டி தீப்பற்றியபின், 2025 மார்ச் 31 முதல் லண்டன் போக்குவரத்துத் துறை தன் ரயில்களில் மின்மிதிவண்டிகளைத் தடைசெய்தது. அப்போதும் மடங்குபவற்றுக்கு விலக்களித்தது. அச்சம் நியாயமானது. மின்கலத்தின் சோதனைச் சான்றைக் கேட்காமல் எந்த வண்டியையும் வாங்காதீர்கள்.

இத்தனைக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்தே வருபவருக்கு மடங்கும் வண்டி எதற்கு? அவருக்கு வேண்டியது தடாவில் பூட்டிவைக்க ஓர் இடமும், அங்கே நிற்கும் எளிய மிதிவண்டியும். மின்வண்டியானாலும் மின்கலத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோகலாம். இரு முனைகளிலும் வண்டி தேவைப்படுவோர்க்கே மடக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் தேறாதவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் 8,000. அந்த 8,000 பெறுபவரிடம் போய் மடக்கு வண்டி வாங்கு என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

தடா ஆந்திர மண்ணில் இருந்தாலும் நிலையம் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே கோட்ட மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். உறையிலிட்ட மடங்கு மிதிவண்டியைப் பொதியாக ஏற்கவும், தடிமன் வரம்பைத் தளர்த்தவும், நிலையத்தில் கூரையுள்ள மிதிவண்டி நிறுத்தம் அமைக்கவும் அதில் கேட்டிருக்கிறேன். கையொப்பமிட விரும்புவோர் தனிச்செய்தி அனுப்புங்கள். ஏற்கெனவே வண்டி வாங்கிவிட்டவர்கள் அதன் எடையையும் மடக்கிய அளவுகளையும் நாடாவால் அளந்து எழுதுங்கள். விளம்பரத்தில் உள்ள எண்கள் வேண்டா.