பக்கவாதமா? முதலில் என்னிடம் வராதீர்கள்!

சில மாதங்களுக்கு முன், ஒரு காலை நேரம். என் கிளினிக் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அறுபது வயதுப் பெரியவர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது.

"டாக்டர், அப்பாவுக்கு வாதம் அடிச்சிடுச்சு. நல்ல தைலமா கொடுங்க" என்றார் மகன்.

"எத்தனை மணிக்கு ஆச்சு?"

"ஏழரைக்குங்க. காபி கொடுத்துப் பார்த்தோம், புரையேறிடுச்சு."

அப்போது மணி ஒன்பது. நான் தைலத்தைத் தொடவில்லை. 108-க்குப் போன் செய்தேன்.

'சித்த மருத்துவரே இப்படிச் செய்யலாமா?' என்று கேட்பீர்கள். செய்யத்தான் வேண்டும். கை, கால் விழுந்தாலும் கோளாறு மூளையில்தான். அங்கே ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பதை நாடி சொல்லாது; ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால், பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கும் ஊசி போடலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்பது ஒரு கணக்கு. ஆகவே வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

பெரியவர் பிழைத்தார். ஆனால், கதை அதோடு முடியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆறு மாத்திரைகள் இருந்தன; பிசியோதெரபி பற்றி ஒரு வரி இல்லை. மூன்று வாரம் கட்டிலிலேயே கிடந்திருக்கிறார். என்னிடம் திரும்பி வந்தபோது தோள் இறுகிப்போயிருந்தது. கையைத் தூக்கினாலே அலறினார்.

என் ஆதங்கம் இதுதான். உயிரைக் காப்பாற்றுவது ஒரு இடம், நடக்க வைப்பது வேறு இடம். நடுவில் நோயாளி அநாதை. இழந்ததை மூளை மீண்டும் கற்றுக்கொள்வது முதல் சில மாதங்களில்தான் அதிகம். பயிற்சி வார்டிலேயே தொடங்க வேண்டும். அடுத்த பயிற்சி எங்கே, என்றைக்கு என்பது சீட்டில் இருக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆஸ்பத்திரியே அவர்களுக்குத் தகவல் சொன்னால் என்ன?

என் சக சித்த வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. தொக்கணமும் வர்மமும் அதன்பிறகு வரும் துணைகள். சீட்டைப் பார்க்காமல் நோயாளி மேல் கை வைக்காதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பெரியவர் இப்போது கோலூன்றி நடக்கிறார். தோள் மட்டும் முழுதாக வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளையிலிருந்து யார் பயிற்சி கொடுப்பாங்க?" பதில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.