விலைக்கு வாங்கிய பாட்டுக்கு யார் வீட்டுப் பூட்டு?

காசு கொடுத்து வாங்கிய பாட்டை, நமக்கே சொந்தமான இன்னொரு கருவியில் கேட்பது திருட்டா? கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வர வேண்டும். வரவில்லையென்றால், கடந்த இருபது ஆண்டுகளில் இசை வணிகம் நம்மை நன்றாகவே பழக்கிவிட்டது என்று பொருள். டிஆர்எம் என்று சுருக்கிச் சொல்லப்படும் டிஜிட்டல் பூட்டுக்கு ‘உரிமை மேலாண்மை’ என்று கௌரவமான பெயர் சூட்டியிருக்கிறார்கள். யாருடைய உரிமையை யார் மேலாண்மை செய்கிறார்கள் என்று வாங்குகிறவன் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பது என் துணிபு.

பாட்டின் உரிமை பற்றிய சண்டை தமிழுக்குப் புதிதல்ல. பாரதி பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமையை ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1946இல் விலைக்கு வாங்கினார். எதிர்ப்புக் கிளம்பி, 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: உரிமை தனியொருவர் பெட்டியில் இருந்த அந்நாட்களிலும், கடையில் வாங்கிய இசைத்தட்டு எவர் வீட்டுக் கிராமபோனிலும் பாடியது. ‘நீ என் கம்பெனி கிராமபோன் இல்லை’ என்று ஊசியை உதறித் தள்ளவில்லை. கேசட்டும் அப்படியே, சிடியும் அப்படியே. உரிமம் விற்பவனிடம், பொருள் வாங்கியவனிடம் என்பதே வழக்கம். டிஜிட்டல் பூட்டு இந்த இரண்டாம் பாதியை அழித்தது.

அது எப்படி வேலை செய்கிறது? பாட்டுக் கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி, விற்றவருடைய வழங்கியிலிருந்து உங்கள் கருவிக்கென்று தனியாக வரும். கருவியை மாற்றினால் புதுச் சாவி வேண்டும். வழங்கியை அணைத்துவிட்டால் சாவி கொடுக்க ஆளில்லை. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களிடம் இதைத்தான் 2008இல் சொன்னது: ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதுக் கணினிகளுக்குச் சாவி கிடையாது. கூச்சல் எழுந்த பிறகே கெடுவைத் தள்ளிப்போட்டது. அதே ஆண்டு யாஹூவும் அதே வழியில் போய், பிறகு நஷ்ட ஈடு பேசியது.

நம் பக்கத்துக் கதை நோக்கியாவினுடையது. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் செல்பேசி செய்துகொண்டிருந்த நிறுவனம், செல்பேசியோடு அளவில்லாத பாட்டும் தருவதாக ஒரு திட்டத்தை 2008இல் பிரிட்டனில் தொடங்கி, 2010இல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. இறக்கிய பாட்டுகள் என்றென்றும் உங்களுடையவை என்பது விளம்பரம். தொடக்கத்தில் அவை ஒரு செல்பேசிக்கும் ஒரு கணினிக்கும் கட்டப்பட்டிருந்தன என்பது உண்மை. 2011 ஜனவரியில் 27 நாடுகளில் திட்டம் கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் மூடப்பட்டது. ‘என்றென்றும்’ என்ற சொல்லின் ஆயுள் அவ்வளவுதான்.

எதிர்ச்சான்றும் இங்கேயே உண்டு. ஃப்ளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் தொடங்கிய ஃப்ளைட் என்ற பாட்டுக் கடை, பூட்டில்லாத எம்பி3 கோப்புகளை விற்றது. 2013இல் கடை மூடப்பட்டது. ஆனால் வாங்கி இறக்கியவர் பாட்டுகள் இன்றும் எந்தக் கருவியிலும் ஒலிக்கும். இரண்டு கடைகளும் போயின. ஒன்றில் வாங்கியவனிடம் பொருள் மிஞ்சியது.

இன்றைக்கு யார் பாட்டு வாங்குகிறார்கள், எல்லாம் செயலிகள்தானே என்பார்கள். செயலி வாடகை வீடு, அதில் தவறில்லை. ஆனால் அங்கே ‘டவுன்லோட்’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களே, அது என்ன? இறக்கிய பாட்டு செயலிக்குள்ளேயே சிறையிருக்கும். சில சேவைகளில் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது செல்பேசி இணையத்தில் தலைகாட்டியாக வேண்டும். நான் இருக்கும் அரவேணுவில், மழைக்காலத்தில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே சிக்னல் போனால் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. சந்தா கட்டி இறக்கிய பாட்டுகள் இணையம் தேவைப்படும் வேளையில் வாய்மூடிக்கொண்டதை நானே கண்டிருக்கிறேன். இணையம் இல்லாத இடத்தில் கேட்பதற்காக இறக்கியது, இணையம் இல்லை என்பதற்காகப் பாட மறுக்கிறது! 2024இல் ஏர்டெல் தன் விங்க் செயலியை மூடியபோது, அதற்குள் இறக்கி வைத்தவையும் செயலியோடு போயின.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில், சில விலக்குகள் நீங்கலாக, பூட்டை உடைப்பதே குற்றம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு அவ்வளவு மூர்க்கமானதல்ல. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்வதை இப்பிரிவு தடுக்காது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆக, வாங்கிய பாட்டைத் தன் இன்னொரு கருவிக்கு மாற்றிக்கொள்பவனைக் குற்றவாளியாக்க நம் சட்டம் விரும்பவில்லை என்றே நான் வாசிக்கிறேன். வேடிக்கை வேறிடத்தில் உண்டு. பூட்டைத் திறக்க உதவுகிறவர், யாருக்கு உதவினாரோ அவருடைய பெயர், முகவரியைப் பதிவு செய்து வைக்க வேண்டுமாம். கோத்தகிரி செல்போன் கடைப் பையன் பேரேடு எழுத வேண்டும். பூட்டிய கோப்பை ‘என்றென்றும் உங்களுடையது’ என்று விற்றவர் எதையும் எழுத வேண்டாம்.

‘பூட்டு இல்லாவிட்டால் கலைஞன் வயிற்றில் அடிப்பார்களே’ என்பது வழக்கமான மறுப்பு. கலைஞனுக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் திருட்டுக் கோப்பில் பூட்டே கிடையாது. ஆகவே பூட்டு தடுப்பது பணம் கொடுத்தவனை மட்டுமே. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் ஒரு கணக்கு உண்டு: முந்தைய ஆண்டு இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு; அதே இசை நிறுவனங்கள் பூட்டின்றிச் சிடியாக விற்றவை 2,000 கோடிக்கும் மேல். வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குத் தாழ் போடும் காரியம். 2009இல் ஐட்யூன்ஸ் பாட்டுகளின் பூட்டு கழன்றது, இசையுலகம் அழிந்துவிடவில்லை.

இது பாட்டோடு நிற்கிற விவகாரமும் அன்று. 2009இல் அமேசான், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நூலின் ஒரு பதிப்பை ஓசையின்றி அழித்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய மின்னூலைக் கணினிக்கு இறக்கி எடுத்து வைக்கும் வசதியையும் நிறுத்தியது. தமிழ் நூல்களை அங்கே அடுக்கி வைத்திருக்கும் நண்பர்கள், அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை யோசிக்கட்டும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வாடகை என்றால் வாடகை என்று சொல்லுங்கள். உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குக’ என்று மயக்கக்கூடாது என்று 2025 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம் நடப்பில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கும் நமக்கும் அது எட்டாத கனி அல்ல. விற்றால், எந்தக் கருவியிலும் பாடும்படி விற்க வேண்டும். கடையை மூடினால், மூடும் முன் பூட்டைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். இந்த மூன்றையும் செய்ய மனமில்லாதவர்கள், நம்மைத் திருடர் என்று அழைக்கும் தகுதியை முதலில் இழக்கிறார்கள்.